முன் வயல்காரரைக் கேட்டீங்களா?

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். "நமக்கு ஆளத் தெரியிறது ஒண்ணு. ஆளுக்கு நம்மளத் தெரியிறது ஒண்ணு. மூணாவதா..." மூன்றாவதாக ஒன்று நிச்சயம் இருந்தது. மூன்றாவது விரலை அவர் நீட்டியதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. விரலோடு வந்த வாக்கியம்தான் எங்கேயோ நழுவிவிட்டது.

அறுவடை மிஷின் பிடித்துக் கொடுக்கும் தொழிலில் பாதி நாள் போன் பேசுவதில் போகும். மீதி நாள், பேசியபடி ஏன் நடக்கவில்லை என்று போன் பேசுவதில் போகும். தை பிறந்தால் டெல்டாவில் எல்லா வயலும் ஒரே சமயத்தில் முற்றும். மிஷின்களோ ஆத்தூர் பக்கத்திலிருந்து லாரியில் ஏறி வரவேண்டும். வருகிற மிஷினுக்கும் காத்திருக்கிற வயலுக்கும் நடுவில் நிற்கும் ஆள் நான். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் பயிற்சி மேனேஜராக இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் கீழ்வேளூர் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பியவன். ஊரில் என் வேலைக்கு 'மிஷின் புரோக்கர்' என்று பெயர். முதல் வருஷம் அந்தப் பெயர் உறுத்தியது. இப்போது நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

பெங்களூரில் நான் நடத்திய வகுப்புகளில் ஒன்று, தொழில் தொடர்புகளை வளர்த்துக்கொள்வது எப்படி என்பது. வகுப்பு தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்போம். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஐந்துக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். புது ஆளிடம் தயங்காமல் பேசுவீர்களா, சந்தித்தவரோடு தொடர்பை விடாமல் வைத்துக்கொள்வீர்களா, நீண்ட நாள் பேசாதவரை மறுபடி அணுகுவீர்களா, இப்படிப் போகும். நான் எனக்குப் போட்டுக்கொண்டது ஐம்பதுக்கு நாற்பத்தாறு. நான்கு குறைத்தது அடக்கத்துக்காக.

போன தை மாதம் அமிர்தவல்லி என்கிற பெண்ணின் ஆறு மா நெல், அதாவது இரண்டு ஏக்கர், முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது. மிஷின் ரோட்டிலேயே நின்றது. மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஷின் உள்ளே போக முடியாததற்குக் காரணம் மிஷினும் இல்லை, மழையும் இல்லை, நான். அதற்கப்புறம்தான் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டு, அது எதிராளியின் எந்தப் பாக்கெட்டுக்குள் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறவர்கள் எல்லோரும் என் கட்சி. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்டு

ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக ஐந்நூறு கார்டு அச்சடித்தேன். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ். பெயருக்குக் கீழே 'ஹார்வெஸ்ட் லாஜிஸ்டிக்ஸ் கன்சல்டன்ட்'. மூலையில் பொன் நிறத்தில் ஒரு நெற்கதிர்.

மெயின் ரோட்டு டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பது. ஒருவர் அதை வைத்து டீயில் மிதந்த எறும்பை எடுத்தார். ஒருவர் கதிர் நன்றாக இருக்கிறது, எந்த ரகம் என்று கேட்டார். கடைசி பெஞ்சில் இருந்த பெரியவர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் முழுக்கப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். அப்புறம் மரியாதையாக என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"படிச்சிட்டேன் சார். நல்லாருக்கு. நீங்களே வச்சுக்கங்க, வேற யாருக்காச்சும் ஆவும்."

சேற்றில் மாட்டினால்

மிஷின் உரிமையாளர்களைப் பார்க்க ஆத்தூர் போனேன். மூன்று பெல்ட் மிஷின் வைத்திருந்தவர் ஒருவர், பழனிவேல். பெல்ட் மிஷின் என்றால் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டை ஓடுவது. ஈர வயலில் அதுதான் இறங்கும். பட்டறையில் கிரீஸ் கையோடு நின்றவர் முன்னால் லேப்டாப்பைத் திறந்து, எங்கள் பகுதியில் எத்தனை ஊர், எந்த வாரம் எந்தப் பக்கம் முற்றும், மிஷின் ஒரு நாள்கூடச் சும்மா நிற்காமல் எப்படி ஓட்டுவேன் என்று கலர் கலராகக் காட்டினேன். முடிகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மிஷின் சேத்துல உக்காந்துட்டா, முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?"

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு என்றேன். அவசர எண்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அவங்க மறுநாள் வருவாங்க சார். நாலு வயல் தள்ளி யாரு டிராக்டர் வச்சிருக்கான், அவன் சங்கிலி குடுப்பானா, இந்த வயக்காரனுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த இருக்கா, அது தெரியணும். உங்க படத்துல ஊரு இருக்கு, ஆளுங்க இல்லியே."

செவ்வாய்க்கிழமைக்கு விழுந்த ஓட்டு

இரண்டாம் வருஷம் வாட்ஸ்ஆப்பில் ஒரு குரூப் தொடங்கினேன். இருநூற்றைம்பது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். காலையில் பூ, மாலையில் பொன்மொழி, நடுவில் யாரோ தொலைத்த ஆட்டின் படம். இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, மிஷின் எங்கள் ஊருக்குச் செவ்வாய்க்கிழமை வரட்டுமா புதன்கிழமை வரட்டுமா என்று ஓட்டெடுப்பு வைத்தேன். செவ்வாய் அமோகமாக ஜெயித்தது. செவ்வாய்க்கிழமை மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினால், பச்சை மாறாத வயல்கள். வயல் வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் ஓட்டே போடவில்லை. அவர்கள் வயலில் இருந்தார்கள்.

ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று பார்த்தேன். முதல் பெயர் ஜலீல் பாய். கடைத்தெருவில் பேரிங், பெல்ட், நட்டு போல்ட் விற்கும் கடை அவருடையது. மிஷின் எதுவும் நின்றுவிட்டால் எல்லோரும் ஓடுவது அவரிடம்தான். அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நேரிலேயே போய்க் கேட்டேன்.

பாய் பெட்டியிலிருந்து ஒரு பேரிங்கை எடுத்துச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரும் செவ்வான்னு போட்டிருந்தாங்க தம்பி. ஒரு ஒத்துமைக்கு நானும் போட்டேன்."

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்

சந்தித்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மறுபடி தொடர்பு கொள்ள வேண்டும் என்பது தாளில் ஆறாவது கேள்வி. அறுவடை முடிந்த ஒவ்வொருவருக்கும் இரண்டாம் நாள் போன் போட்டேன். சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மார்க் சொல்லுங்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா எடுத்தார். மார்க் எதுக்கு, நெல்லுக்கா, மிஷினுக்கா, டிரைவருக்கா என்று விசாரித்தார். டிரைவர் ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதால் அவருக்கு ஐந்து என்றார். மிஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து ஒருவர். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துப் போட்டு, மூட்டை பிடிக்கும் முறைக்காக மூன்றாம் நாளாகக் காத்திருந்தார். மேலே மேகம். நான் அழகாக என் பெயர், நோக்கம் எல்லாம் சொல்லி மார்க் கேட்டேன். போனில் தார்ப்பாய் படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சார், நான் வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு எத்தன மார்க்குன்னு தெரிஞ்சதும் உங்களுக்கு நானே போன் பண்றேன்."

ஒரே பத்திரிகை

போன வருஷம் வைகாசியில் பழைய வீட்டை இடித்துக் கட்டி கிரகப்பிரவேசம் வைத்தேன். பத்திரிகையை அழகாக வடிவமைத்து, போனில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு, ஒரே தட்டலில் முந்நூறு சொச்சம் பேருக்கு அனுப்பினேன். அழைக்கிற வேலை காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அந்த முந்நூறில் ஒருவர் மனோகரன் அண்ணன். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பெரியப்பாவின் மகன். மூன்று வீடு தள்ளி இருக்கிறார். எங்கள் பக்கம் பங்காளி வீட்டுக்குத்தான் முதல் தட்டு போகும். வெற்றிலை பாக்கு பழத்தோடு புருஷனும் பெண்சாதியுமாகப் போய் அழைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு. எனக்கு இது தெரியாதது இல்லை. இதெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அண்ணன் வரவில்லை. முந்நூறு பேரில் வராதவர்கள் எத்தனையோ பேர். எனக்கு உறைத்தது அவர் வராதது மட்டும்தான். மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு வரவில்லையே என்று நான் பேச்சை நிறுத்தினேன். அவர் ஏற்கனவே நிறுத்தியிருந்தார் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விசேஷத்தன்று இலையில் உட்கார்ந்த ஜலீல் பாய்தான் பேச்சை எடுத்தார். "அண்ணனக் காணோமே தம்பி, ஊர்ல இல்லையா?"

"இருக்காரு பாய். மெசேஜ் அனுப்பினேன். பாத்திருக்காரு, ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. வரணும்னு தோணல போல."

பாய் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "எனக்கும் அதே மெசேஜ்தானே வந்துச்சு?"

முன் வயல்

இனி அமிர்தவல்லி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். போன வருஷம்தான் முதல்முறையாக அந்த ஆறு மாவைக் குத்தகைக்கு எடுத்தார். நகையை வைத்து எடுத்தது என்று கேள்வி. அது உள் வயல். மூன்று பக்கமும் வாய்க்காலும் வடிகாலும். ரோட்டிலிருந்து அதற்குப் போக வேண்டுமென்றால் முன் வயல் வழியாகத்தான் மிஷின் இறங்க வேண்டும். அந்த முன் வயல் மனோகரன் அண்ணனுடையது.

இந்த மாதிரி இடங்களில் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆவணியில் விதை வாங்குவதற்கு முன்னால், உள் வயல்காரர் முன் வயல்காரரைப் போய்ப் பார்த்து, "இந்த வருஷம் என்ன நெல்லு போடுறீங்க?" என்று கேட்டுக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே வயது நெல் போட்டால் இரண்டும் சேர்ந்தாற்போல் முற்றும். மிஷின் முன் வயலை அறுத்துக்கொண்டே உள்ளே போய்விடும். ஒருவர் நூற்று முப்பத்தைந்து நாள் நெல்லும் மற்றவர் நூற்று ஐம்பத்தைந்து நாள் நெல்லும் போட்டால், இருபது நாள் இடைவெளி. உள்ளே முற்றிக் கிடக்கும், முன்னால் பச்சையாக நிற்கும். டெல்டாவில் இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ உறவு நிலைத்திருக்கிறது, எத்தனையோ அறுந்தும் போயிருக்கிறது.

ஆவணியில் அமிர்தவல்லி என்னிடம் வந்தார். "எனக்கு அவர்கிட்டப் போயிப் பேசிப் பழக்கமில்ல சார். உங்க அண்ணன்தானே, நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்கிறேன் என்றேன். ஒரு வாரம் ஓட்டினேன். அண்ணன் வீட்டு வாசலை இரண்டு முறை பைக்கில் கடந்தேன். இரண்டு முறையும் அவர் இல்லாத மாதிரியே கடந்தேன். மறுபடி அமிர்தவல்லி வந்தபோது, "இந்தப் பக்கம் எல்லாரும் நூத்தி முப்பத்தஞ்சு நாள் நெல்லுதாம்மா போடுறாங்க, நீங்களும் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். பொய் என்று சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேர் அதைத்தான் போட்டார்கள். அண்ணன் போடவில்லை.

தை மூன்றாம் வாரம். உள் வயல் மஞ்சளாகித் தலை சாய்ந்துவிட்டது. முன் வயல் பச்சையாக, கதிரில் பால் கட்டி நிமிர்ந்து நிற்கிறது. கையால் அறுக்க ஆள் தேடி அலைந்தோம். எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. வியாழக்கிழமையிலிருந்து மழை என்று செய்தி. அன்றைக்குத் திங்கள். பெல்ட் மிஷின் ரோட்டில் வந்து நிற்கிறது. புதன் மாலை அது திருவாரூர் பக்கம் போயாக வேண்டும். அமிர்தவல்லி வரப்பில் நின்று முன் வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அப்போது சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "அண்ணன் கடைசி நேரத்துல ரகத்த மாத்திட்டாரு போலருக்கும்மா" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவரு மாத்துனாரோ என்னமோ. நீங்க கேட்டீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சார்."

பாய் மறுத்தது

கேட்டேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏற்பாடு செய்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஏற்பாடு என்பது பெங்களூரில் எனக்குக் கைவந்த வார்த்தை.

வழி ஒன்று இருந்தது. அண்ணன் வயலில் கரையோரமாக ஒரு மிஷின் அகலத்துக்குப் பச்சைக் கதிரை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டால், மிஷின் அந்த வழியே உள்ளே போய்விடலாம். அந்த அகலத்து நெல் அவருக்கு நஷ்டம். அவர் மனது வைத்தால்தான் உண்டு. போனை எடுத்தேன். அண்ணனுக்கு மெசேஜ் எழுதினேன். முதல் முறை எழுதியது கடிதம் மாதிரி இருந்தது. இரண்டாவது நோட்டீஸ் மாதிரி. மூன்றாவதில் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். நான்காவதை அனுப்பப் போகிற நேரத்தில், மேலே பழைய செய்தி கண்ணில் பட்டது. வைகாசிப் பத்திரிகை. அதற்குக் கீழே எட்டு மாசமாக ஒன்றும் இல்லை. அழித்துவிட்டேன்.

செவ்வாய் காலை கடை திறக்கும்போதே ஜலீல் பாய் முன்னால் போய் நின்றேன். அண்ணனும் பாயும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். என் போனில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பேரில் அந்த நேரத்துக்கு உதவக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதையும் சொன்னேன். அது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

பாய் ஷட்டரை முழுக்கத் தூக்கி, பூட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

"நான் போயிச் சொன்னா நடக்கும் தம்பி. ஆனா அப்புறம் எப்பவும் நானேதான் போவணும்."

ஸ்ப்ரேயர்

கடையிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். பைக்கை என் வீட்டில் நிறுத்திவிட்டு மூன்று வீடும் நடந்தேன். அண்ணன் வாசலில் ஸ்ப்ரேயரைக் கழற்றிப் போட்டு, நாசிலில் ஊசியை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் முதலில் பார்த்தார். "வாங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அண்ணன் நிமிரவில்லை.

"மெசேஜ் ஒண்ணும் வரலியே" என்றார் நாசிலிடம்.

"நேர்ல வந்திருக்கேண்ணே."

"ஓ. நேர்லயும் வருவியா நீ?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க" என்றார் அண்ணி. என்னிடம், "காபியா டீயா?" என்றார்.

எதிராளிக்கு இதில் என்ன லாபம் என்று முதலில் சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் என் பிரசித்தி பெற்ற பாடம். அண்ணனுக்கு இதில் ஒரு லாபமும் கிடையாது. அதனால் விஷயத்தை அப்படியே சொன்னேன். அமிர்தவல்லி நெல் சாய்ந்துவிட்டது, மிஷின் உங்கள் வயல் வழியாகத்தான் போக வேண்டும், கரையோரம் ஒரு மிஷின் அகலத்துக்குப் பச்சைக் கதிர் போய்விடும்.

"அது கெடக்கட்டும். நான் ரகத்த மாத்திட்டேன்னு சொன்னியாமே. எதுலேர்ந்து எதுக்கு மாத்துனேன்?"

நேற்று மதியம் வரப்பில் சொன்னது இன்று காலை ஏழரை மணிக்கு அவர் வாசலில் இருக்கிறது. என் குரூப்பில்கூடச் செய்தி இவ்வளவு வேகமாகப் போகாது.

"அஞ்சு வருஷமா அந்த வயல்ல நான் அந்த ஒரே நெல்லுதான்டா போடுறேன்" என்றார் அண்ணன். இப்போதுதான் நிமிர்ந்தார். "அந்தப் பொண்ணு வந்து கேட்டிருந்தா, நீ இதப் போடும்மான்னு சொல்லிருப்பேன். இல்ல, நானாவது அது போடுற நெல்லப் போட்டிருப்பேன். எனக்கென்ன, விதைதானே."

"என்னத்தான் கேக்கச் சொல்லிச்சு."

"நீ கேக்கல."

"கேக்கல."

"ஏன்டா?"

எட்டு மாசமாக மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த பதில்கள் நிறைய இருந்தன. நீங்கள் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை என்பது அதில் முதலாவது. சொல்ல வந்து, அவர் கையிலிருந்த நாசிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "உங்களுக்கு மொத பத்திரிகை வச்சிருக்கணும். வைக்கல" என்றேன்.

அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் நாசிலை மாட்டி, தண்ணீர் விட்டு ஒருமுறை அடித்துப் பார்த்தார். வாசல் சிமெண்டில் விசிறியாக விழுந்தது.

"ஒரு மிஷின் அகலம் எடுத்துக்க. ரெண்டு அகலம்னாலும் எடுத்துக்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டப் போயி, நான் எதையும் மாத்தலன்னும் நீ என்னைக் கேக்கவே இல்லன்னும் சொல்லிட்டு வா. சொன்னதும் மிஷின எறக்கு."

உண்மையிலேயே ஒரு வினாடி கணக்குப் போட்டேன். அமிர்தவல்லியிடம் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். மிஷின் புரோக்கருக்கு இருக்கிற ஒரே முதல், அவன் கேட்டேன் என்றால் கேட்டிருப்பான் என்கிற நம்பிக்கைதான். அது போய்விட்டால் ஐந்நூறு கார்டு மட்டும் மிச்சம். தலையை ஆட்டினேன். டீயைக் குடித்தேன். கிளம்புகிறபோது, எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "பெரியப்பா ஒண்ணு சொல்லுவாரே, ஆளத் தெரியிறது ஒண்ணு, ஆளுக்கு நம்மளத் தெரியிறது ஒண்ணுன்னு. மூணாவது என்னண்ணே?"

அண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"மூணாவதே கெடையாதுடா. மூணாவதுன்னு வெரல நீட்டுவாரு, இருமல் வந்துரும். அம்மா வெந்நி கொண்டாருவாங்க. அத்தோட சரி."

வண்டி எத்தனை மணிக்கு

அமிர்தவல்லி வயலில் இருந்தார். சாய்ந்த கதிர்களை நாலைந்து தூராகச் சேர்த்து நிமிர்த்தி முடிந்துகொண்டிருந்தார். மழை முந்திக்கொண்டால் அழுகாமல் இருக்கட்டும் என்று. காலையிலிருந்து இரண்டு வரிசைதான் முடிந்திருந்தது. வரப்பிலிருந்து பேசினால் கத்த வேண்டியிருக்கும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன்.

சொன்னேன். ஆவணியில் கேட்கவில்லை. நேற்று சொன்னதும் உண்மை இல்லை. அண்ணன் எதையும் மாற்றவில்லை. எங்களுக்குள் பேச்சு இல்லாததால் போகாமல் இருந்துவிட்டேன். வழி கொடுக்கிறேன் என்று இப்போது சொல்லியிருக்கிறார்.

அவர் கை நிற்கவில்லை. அந்த முடிச்சைப் போட்டு முடித்தார். அடுத்த தூரைச் சேர்த்துப் பிடித்தார். அதையும் முடிந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"வண்டி எத்தன மணிக்கு?" என்றார்.

"மத்தியானம் மூணு மணிக்கு."

"வரட்டும்."

அண்ணனே அரிவாளோடு வந்து கரையோரத்துப் பச்சையை அறுத்தார். அமிர்தவல்லியும் நானும் வாரி வரப்பில் போட்டோம். எனக்கு உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மூன்று மணிக்கு மிஷின் இறங்கியது. நெல் நன்றாகச் சாய்ந்திருந்ததால் டிரைவர் தாழ்வாக, மெதுவாக ஓட்டினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆறு மாவும் முடிந்து நெல் டிராக்டரில் ஏறியது. வியாழக்கிழமை மழை வரவில்லை. சனிக்கிழமை வந்தது. அதற்குள் நெல் மூட்டைக்குள் போய்விட்டது.

டிராக்டர் கிளம்பும்போது அமிர்தவல்லி பெட்டியில் ஏறி நெல்மேல் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"சார், வர்ற ஆவணியில உங்க அண்ணன நானே போயிக் கேட்டுக்குறேன். நீங்க மிஷின மட்டும் பாத்துக்கங்க."

தாளின் பின்பக்கம்

தாளை எடுத்துப் பத்துக் கேள்விக்கும் மறுபடி மார்க் போட்டேன். பதினாறு வந்தது. இந்த முறை அடக்கத்துக்கு என்று எதுவும் குறைக்கவில்லை. பழைய நாற்பத்தாறில் என்னைவிட என் போனுக்குச் சேர வேண்டியதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. நான் மார்க் கேட்டபோது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் இன்னும் திருப்பி அழைக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தாளின் பின்பக்கம் வெற்றாக இருந்தது. அதில் எங்கள் ஊரில் எந்த உள் வயலுக்கு எது முன் வயல் என்று வரைந்து பார்த்ததில் பதினோரு முன் வயல்காரர்கள் வந்தார்கள். வருகிற ஆவணி பிறந்ததும் போனை வீட்டில் வைத்துவிட்டு, மூன்று வீடு தள்ளித் தொடங்கி, அந்தப் பதினோரு வாசலுக்கும் நடந்து போய் என்ன நெல் போடுகிறீர்கள் என்று கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.